ஸ்டாப், ஷேக், ஃபோகஸ்: நீலகிரியில் படம் எடுப்போருக்கான சொற்களும் அவற்றைக் கையாளும் முறையும்

புதிதாகக் கேமரா வாங்கியவரிடம் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் என்று சொற்களை ஒரே மூச்சில் அடுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவரும் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தேடிப் படித்து, எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, மறுநாள் தொட்டபெட்டாவில் நிற்கும்போது பழையபடி ஆட்டோவிலேயே படம் எடுத்துத் திரும்புகிறார். சொற்கள் கடினமானவை என்பது இதற்குக் காரணம் அன்று; அவற்றை எந்த வரிசையில் கற்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதலில் கற்க வேண்டிய சொல் ‘ஸ்டாப்’ என்பது என் உறுதியான கருத்து. கேமராவின் ஏனைய திருகுகளும் பொத்தான்களும் அந்த ஒரு சொல்லில்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

நீலகிரியில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அதிகம். சமவெளியில் காலை பத்து மணிக்குக் கேமராவைச் சரிசெய்துகொண்டால் பிற்பகல் வரை பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது. இங்கோ லாம்ப்ஸ் ராக்கிலோ கோடநாடு காட்சிமுனையிலோ பளிச்சென்ற வெயிலில் ஒரு படம் எடுத்து, அடுத்த படத்துக்குக் கண்ணை வைப்பதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து எதிரில் உள்ள மரத்தையே மறைத்துவிடும். ஊட்டியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினாலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினாலும் இது அன்றாட நிகழ்வு. ஒளி எத்தனை ஸ்டாப் குறைந்தது என்று சொல்லத் தெரிந்தவருக்கு, எதை எவ்வளவு மாற்றுவது என்பதும் அந்த நொடியே தெரிந்துவிடும்.

ஒரு ஸ்டாப் என்றால் எவ்வளவு

ஒளியை இரு மடங்காக்கினால் ஒரு ஸ்டாப் ஏற்றம். பாதியாக்கினால் ஒரு ஸ்டாப் இறக்கம். இவ்வளவுதான் இலக்கணம். இரண்டு ஸ்டாப் ஏற்றினால் நான்கு மடங்கு, மூன்று ஸ்டாப் ஏற்றினால் எட்டு மடங்கு என்று அது பெருகிச் செல்லும். ‘கொஞ்சம் வெளிச்சமாக எடு’ என்று சொல்வதற்கும் ‘ஒரு ஸ்டாப் ஏற்றி எடு’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு, சமையலில் ‘கொஞ்சம் உப்பு’ என்பதற்கும் ‘ஒரு தேக்கரண்டி உப்பு’ என்பதற்கும் உள்ளது போன்றது.

ஷட்டர் வேகத்தில் இதைக் காண்பது எளிது. 1/250 நொடியிலிருந்து 1/125க்கு வந்தால் ஷட்டர் இரு மடங்கு நேரம் திறந்திருக்கும். ஆகவே ஒரு ஸ்டாப் ஏற்றம். 1/60க்கு வந்தால் இரண்டு ஸ்டாப்.

லென்ஸின் திறப்பை, அதாவது அபெர்ச்சரை, குறிக்கும் எஃப் எண்தான் எல்லோரையும் குழப்புகிறது. எஃப் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று செல்லும் வரிசையில் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். ஆனால் எண் பெரிதாகப் பெரிதாகத் திறப்பு சிறிதாகிறது. இது ஏன் என்பதற்கு ஒரு சிறு வகுத்தல் கணக்குப் போதும். லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸின்மேல் மி.மீ.இல் எழுதியிருக்கும் எண்) திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் திறப்பின் விட்டம் 25 மி.மீ. என்றால் அது எஃப் 2. அதே லென்ஸில் எஃப் 8 வைத்தால் திறப்பு ஆறே கால் மி.மீ.தான். ஆகவே கூட வருபவரிடம் ‘அபெர்ச்சரைக் கூட்டு’ என்று சொல்லாதீர்கள். எண்ணைக் கூட்டுவதா, திறப்பைக் கூட்டுவதா என்று கேட்பவர் விழிப்பார். ‘ஒரு ஸ்டாப் திற’, ‘இரண்டு ஸ்டாப் மூடு’ என்று சொல்லுங்கள். அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பெரும்பாலான கைப்பேசிக் கேமராக்களில் திறப்பை மாற்றவே இயலாது என்பதால், கைப்பேசியில் எடுப்பவர்கள் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் மட்டும் கவனித்தால் போதும்.

ஐஎஸ்ஓ என்பது பிலிம் காலத்தில் பிலிமின் ஒளியுணர்திறனைக் குறித்த எண். அமெரிக்க முறையான ஏஎஸ்ஏவும் ஜெர்மானிய முறையான டின்னும் தனித்தனியே வழங்கிவந்து, 1974இல் ஐஎஸ்ஓ என்ற ஒரே அளவுக்குள் இணைக்கப்பட்டன. 100லிருந்து 200க்குச் சென்றால் ஒரு ஸ்டாப், 400க்குச் சென்றால் இரண்டு. அந்தக் காலத்தில் பிலிம் சுருளைப் போட்டுவிட்டால் அது முடியும்வரை அந்த எண்ணை மாற்ற வழியில்லை. இன்று ஒவ்வொரு படத்துக்கும் மாற்றலாம், ஆனால் எண் ஏற ஏறப் படத்தில் மணல் தூவியதுபோன்ற இரைச்சல் கூடும். இதையே நாய்ஸ் என்கிறோம். ஐஎஸ்ஓவைப் பற்றிப் பேசும்போது ஊட்டியை மறந்துவிட முடியாது. இந்திய அரசு 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இங்கேதான் 1967 முதல் பிலிம் தயாரித்தது. ‘இந்து’ (INDU) என்ற பெயரில் வெளிவந்த அதன் கறுப்பு வெள்ளைப் பிலிமில்தான் ஒரு தலைமுறைப் படக்காரர்கள் தொழில் கற்றார்கள். ஆலை மூடப்பட்டுவிட்டாலும் இந்து நகர் என்ற பெயர் ஊட்டி வரைபடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் படம் எடுப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய இடம் அது.

இம்மூன்றையும் சேர்த்துக் கையாளும் முறைக்கு வருவோம். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஐஎஸ்ஓ எண் எதுவோ அதையே ஷட்டரின் கீழெண்ணாக வைத்தால் படம் சரியாக வரும் என்பது பழைய விதி. ஐஎஸ்ஓ 100 என்றால் எஃப் 16இல் 1/100. வானம் முழுவதும் மேகம் மூடினால் எஃப் 8, அதாவது இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். கனத்த மூட்டத்தில் எஃப் 5.6, அதாவது மூன்று ஸ்டாப். இந்த விதியை ஒளிமானி இல்லாத காலத்துப் பழங்கதை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. மேகம் வந்து போகும் மலையில் இதைவிட விரைவான கணக்கு வேறில்லை என்று நான் சொல்வேன். தொட்டபெட்டாவில் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/400 என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கனத்த மேகம் வந்து மூன்று ஸ்டாப் ஒளியை விழுங்கிவிடுகிறது. திறப்பை எஃப் 5.6 ஆக்கி ஒரு ஸ்டாப்பையும், ஐஎஸ்ஓவை 400 ஆக்கி இரண்டு ஸ்டாப்பையும் மீட்டுக்கொண்டால், ஷட்டரைத் தொடாமலே அதே வேகத்தில் தொடர்ந்து எடுக்கலாம்.

பிளஸ், மைனஸ்: கேமராவைத் திருத்தும் சொற்கள்

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. தெருவையோ சந்தையையோ எடுக்கும்போது இந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்திவிடும். மூடுபனி வெண்மையானது என்பது அதற்குத் தெரியாது. ஃபிரேம் முழுவதும் வெண்மையாக இருப்பதைப் பார்த்தவுடன் வெளிச்சம் மிகுதி என்று முடிவுசெய்து குறைத்துவிடுகிறது. விளைவாக, கண்ணுக்குப் பால்போல் தெரிந்த பனிமூட்டம் படத்தில் மழைக்காலச் சிமெண்ட் சுவர்போல் அழுக்காக வருகிறது. இங்கே படம் எடுத்தவர்கள் ‘நேரில் பார்த்ததுபோல் வரவில்லை’ என்று குறைபட்டுக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்கான மருந்து ‘எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்’. பிளஸ், மைனஸ் குறிகளுடன் ஒரு கோடு கேமராவின் திரையில் இருக்கும்; கைப்பேசியிலோ திரையைத் தொட்டால் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தலாம், புரோ மோடில் அதற்கு ஈவி என்று பெயர். பிளஸ் 1 என்றால் கேமரா நினைத்ததைவிட ஒரு ஸ்டாப் கூடுதல். மூடுபனி ஃபிரேமில் பாதிக்கு மேல் இருந்தால் பிளஸ் 1இல் தொடங்குங்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் தலைகுந்தா புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, அதன்மேல் வெயில் விழுந்துவிட்டால், பிளஸ் 1 முதல் 2 வரை தேவைப்படும்.

மைனஸின் தேவை சோலைக்காட்டில் வரும். நீலகிரிக் கருமந்தியின் உடல் பெரும்பாலும் கறுப்பு. அது ஃபிரேமை நிறைத்து உட்கார்ந்திருந்தால் கேமரா இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டும்; மந்தி சாம்பல் பூசியதுபோல் வரும். மைனஸ் 1 வைத்தால் கறுப்பு கறுப்பாக வரும். அதே மந்தி வெளிறிய வானத்தின் முன் கிளையில் அமர்ந்திருந்தால் கணக்குத் தலைகீழ்: இப்போது வானம்தான் ஒளிமானியை ஏமாற்றுகிறது, ஆகவே பிளஸ் பக்கம் செல்ல வேண்டும். எனவே, ‘கறுப்புக்கு மைனஸ், வெள்ளைக்குப் பிளஸ்’ என்று மட்டும் மனப்பாடம் செய்யாமல், ஃபிரேமில் மிகுதியான இடத்தைப் பிடித்திருப்பது எது என்று பார்த்து முடிவெடுங்கள்.

கூட்டியது சரியா என்பதை, படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று மேடாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இடக்கோடி கறுப்பு, வலக்கோடி வெள்ளை. மூடுபனிப் படத்தில் மேடு நடுவுக்கு வலப்புறம் இருக்க வேண்டும். ஆனால் வலச் சுவரில் முட்டி நிற்கக்கூடாது. முட்டினால் அந்தப் பகுதி ‘பர்ன்’ ஆகிவிட்டது என்பார்கள். ஜேபெக் படத்தில் பர்ன் ஆன இடத்தைப் பின்னால் எவராலும் மீட்க இயலாது. கேமரா பதிந்த ஒளித்தகவலை அப்படியே வைத்திருக்கும் ‘ரா’ கோப்பாக எடுத்திருந்தால் ஓரளவு மீட்கலாம் என்பதால், கேமராவில் அந்த வசதி இருப்பவர்கள் மலையில் ராவிலேயே எடுப்பது நல்லது.

‘ஷேக்’ வேறு, அசைவு வேறு

படம் தெளிவில்லாமல் போனால் எல்லாவற்றையும் ‘ஷேக் ஆகிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று தனித்தனிக் குறைகள் இந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு. ஃபிரேமில் உள்ள அனைத்தும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பாறை தெளிவாக இருந்து தேயிலைக் கொழுந்து மட்டும் இழுபட்டிருந்தால் காற்றில் கொழுந்து அசைந்திருக்கிறது. ஏதோ ஓரிடம் தெளிவாக இருந்து, நீங்கள் விரும்பிய இடம் மட்டும் மங்கலாக இருந்தால் அது ஃபோகஸ் தவறு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து இம்மூன்றில் எது என்று பெயர் சொல்லிய பிறகே அடுத்த படத்தை எடுங்கள்.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய விதி உண்டு: லென்ஸின் குவியத்தூரம் 200 மி.மீ. என்றால் ஷட்டர் 1/200க்குக் குறையக்கூடாது, 50 என்றால் 1/50க்கு. இது முழு அளவு சென்சாருக்கான (பிலிமின் இடத்தில் ஒளியைப் பதியும் சில்லு) கணக்கு. சென்சார் சிறிதானால் வேகம் இன்னும் கூட வேண்டும். லென்ஸிலோ கேமராவிலோ கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் இருந்து, அதன் பெட்டியில் ‘நான்கு ஸ்டாப்’ என்று போட்டிருந்தால், 1/200க்குப் பதில் 1/100, 1/50, 1/25 என்று இறங்கி ஏறத்தாழ 1/13 வரை கையிலேயே எடுக்கலாம் என்பது பொருள். இங்கும் அளவுகோல் ஸ்டாப்தான் என்பதைக் கவனியுங்கள். ஆனால் ஸ்டெபிலைசர் உங்கள் கையை மட்டுமே நிலைநிறுத்தும். காற்றில் ஆடும் கொழுந்தையோ கிளைவிட்டுக் கிளை தாவும் குருவியையோ அது நிறுத்தாது. அதற்கு ஷட்டரைத்தான் விரைவாக்க வேண்டும், இழந்த ஒளியை ஐஎஸ்ஓவில் ஈடுகட்ட வேண்டும்.

அசைவை அளந்து பார்ப்பதற்கு மலை ரயிலைவிட நல்ல பாடம் கிடைக்காது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரப் பாதையில் அது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது. நொடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர். 1/125இல் எடுத்தால் அந்தக் கணத்தில் பெட்டி இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும். தொலைவிலிருந்து பார்க்கும் படத்தில் அது தெரியவே தெரியாது. 1/15இல் எடுத்தால் 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அசைவு தெளிவாகத் தெரியும். ரயில் உறைந்து நிற்க வேண்டுமென்றால் 1/125 போதும், 1/2000 வைத்து ஐஎஸ்ஓவை வீணாக ஏற்ற வேண்டியதில்லை. ஓட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் 1/15 வைத்து, ரயிலோடு சேர்த்துக் கேமராவையும் ஒரே சீராகத் திருப்பியபடி எடுங்கள். பெட்டி தெளிவாகவும் பின்னணி மரங்கள் கோடுகளாகவும் வரும். இதற்குப் ‘பேனிங்’ என்று பெயர். மலையேறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முகப்பில் இன்ஜின் வரும் என்று காத்திருப்பவர்களின் முன் முதலில் வருவது பெட்டிதான். புகையும் நீராவியும் கடைசியில் வரும், அதற்குள் கேமராவை இறக்கிவிடக்கூடாது. தண்டவாளத்தில் நின்று எடுப்பது குற்றம், உயிருக்கும் ஆபத்து. சாலையோர மேட்டிலிருந்து எடுத்தாலே கோணம் நன்றாக அமைகிறது.

ஃபோகஸ்

ஆட்டோ ஃபோகஸ், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பைத் தேடிப் பிடித்துத்தான் வேலை செய்கிறது. மூடுபனியில் விளிம்பே இருக்காது. ஆகவே லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். இதை ‘ஹன்ட்’ ஆகிறது என்பார்கள். அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்து, அதை ஒரு மரத்தண்டின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால், கையால் ஃபோகஸ் செய்யும் மேனுவலுக்கு மாறிவிடுங்கள். சோலைக்காட்டில் சிக்கல் வேறு விதமானது: நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை புதருக்குள் இருக்க, கேமரா அதற்கு முன்னால் நீட்டியிருக்கும் கிளையைப் பிடித்துக்கொள்ளும். அங்கும் ஒற்றைப் புள்ளியே துணை.

எங்கிருந்து எதுவரை தெளிவாக இருக்கிறதோ அந்த நீளத்தைப் புல ஆழம் என்கிறோம். திறப்பை மூடினால் அது கூடும். பொருளை நெருங்கினால் குறையும். நீண்ட லென்ஸ் போட்டாலும் குறையும். தேயிலைச் சரிவை முன்வரிசைச் செடியிலிருந்து பின்மலை வரை தெளிவாகக் காட்ட எஃப் 8 அல்லது 11 போதுமானது. 16க்கு மேல் மூடினால் ஒளி திறப்பின் விளிம்பில் சிதறிப் படம் மொத்தமாகவே மென்மையாகிவிடும்.

நிறத்தைக் குறிக்கும் எண்

ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள். நடுப்பகல் வெயில் சுமார் 5500, மேகமூட்டம் 6500, நிழல் அதற்கும் மேல். பழைய குண்டு பல்பு 3000க்கு அருகில். எண் உயர உயர ஒளி நீலமாகிறது. ஆனால் கேமராவில் அந்த எண்ணை உயர்த்தினால் படம் மஞ்சள் பக்கம் செல்லும். கேமரா அந்த நீலத்தை ஈடுகட்ட மஞ்சளைச் சேர்ப்பதே காரணம். மூட்டத்தில் படம் நீலம் பாய்ந்து குளிர்ந்து தெரிந்தால் ஒயிட் பேலன்ஸை ‘கிளவுடி’க்கு மாற்றுங்கள். எனினும் உறைபனி விடியலில் அந்த நீலத்தை முழுவதும் நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். நிழலில் கிடக்கும் பனிப்புல் நீலமாகவும் வெயில் தொட்ட இடம் பொன்னாகவும் இருப்பதுதான் அந்த நேரத்தின் உண்மை. ஃபிரேம் முழுவதும் தேயிலைப் பச்சையாக இருக்கும்போது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பச்சையைக் குறைக்க முயன்று இளஞ்சிவப்பைக் கலந்துவிடக்கூடும். அங்கே ‘டேலைட்’ என்று நிலையாக வைத்துவிடுவது நல்லது. மழைக்குப்பின் ஈர இலைகள் வெள்ளையாக மின்னிப் பச்சையை மறைத்தால், லென்ஸின் முன் மாட்டும் போலரைசர் என்ற ஃபில்டர் அந்த மினுமினுப்பை வெட்டும். அதற்கு விலையாக ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியை எடுத்துக்கொள்ளும்.

கேட்கும் சொற்கள்

கேமராவைப் பற்றிய சொற்களில் இவ்வளவு கவனம் செலுத்துபவர்கள், எதிரில் நிற்கும் மனிதரிடம் பேசும் சொற்களில் அதில் பாதிக் கவனமும் செலுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களைச் சாலையில் நின்று நீண்ட லென்ஸால் எடுத்துவிட்டு வண்டியேறுவது முறையன்று. பக்கத்தில் சென்று, “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். ‘எடுக்கிறேன்’ என்பது அறிவிப்பு. ‘எடுத்துக்கலாமா’ என்பது வேண்டுகோள், மறுப்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. வேண்டாம் என்றால், “சரிங்க அக்கா” என்று நகர்ந்துவிட வேண்டும். சம்மதித்தால், கேமராவைப் பார்க்கச் சொல்லாமல், “நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நில்லுங்கள். முதல் சில படங்களில் தெரியும் விறைப்பு பிறகு தானாகவே போய்விடும். மூட்டமான நாளில் வானம் முழுவதும் ஒரே விளக்காகி மென்மையான ஒளியைத் தருவதால், முகங்களை எடுக்க அதுவே நல்ல நேரம். திரையில் தெரியும் முகத்தின்மேல் விரலை வைத்துத் தொட்டு ஃபோகஸும் ஒளியும் அளந்துகொண்டால் பின்னணி வெண்மை முகத்தைக் கறுக்கச் செய்யாது. எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுங்கள். அனுப்புவதாகச் சொன்னால் கட்டாயம் அனுப்புங்கள்.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குச் செல்பவர்கள் அங்குள்ள பெரியவரிடம் கேட்ட பிறகே கேமராவை வெளியே எடுக்க வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள கல்சுவரைத் தாண்டிச் செல்லக்கூடாது, அது வழிபாட்டிடம். முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பது தடை செய்யப்பட்டுள்ளது; விலங்குகளின் முகத்தில் பிளாஷ் அடிப்பதும் கூடாது.

பிரிண்ட் போடும்போது

பிலிம் போய்விட்டாலும் பழக்கத்தால் ‘படம் கழுவக் கொடுக்கிறேன்’ என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. லேபில் அவர்களுக்கு அது புரியும். ஆனால் அளவைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 4×6 அங்குலப் பிரிண்ட் கூர்மையாக வர 1200×1800 பிக்சல் தேவை, 8×12 என்றால் 2400×3600. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டுவிடுவதால் பெரிய பிரிண்டுக்கு உதவாது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் முழு அளவிலேயே செல்லும். மூடுபனிப் படங்களை லேபில் உள்ளவர்கள் மங்கல் என்று கருதி, தாங்களாகவே கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிவிடுவது உண்டு. “கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், உள்ளது உள்ளபடி போடுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பளபளப்பான கிளாசி தாளைவிட மேட் தாளில் பனியின் சாம்பல் படிகள் நன்றாகத் தெரியும் என்பதால் அதையே கேட்டு வாங்குங்கள்.